புதுக்கோட்டையில் முன்னோரைத் தேடுதல்: கல்லும் கோயிலும் பத்திரமும்

தமிழகத்தில் ஒரு குடும்பத்தின் முன்னோரை நான்கைந்து தலைமுறைக்கு மேல் பெயர் சொல்லி அடையாளம் காண்பது பெரும்பாலானோருக்கு எளிதன்று. வழிவழியாகத் தொடரும் குடும்பப் பெயர் இல்லாத சமூகத்தில், தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கி அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகிறது. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமோ ஒரே பெயரை ஒரே வீட்டில் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் வரச்செய்து, பழைய பத்திரத்தில் காணப்படும் கருப்பையா எந்தக் கருப்பையா என்ற ஐயத்தை எழுப்புகிறது. பிறப்பு, இறப்புப் பதிவு நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தின்கீழ் வந்ததே 1969-ஆம் ஆண்டில்தான். இத்தனை இடர்களுக்கு நடுவிலும் புதுக்கோட்டை மாவட்டம் இத்தேடலுக்கு மிக வளமான களமாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இம்மண்ணில் படியெடுக்கப்பட்டுள்ளன; 1948-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்திய ஒன்றியத்துடன் இணையும் வரை இது தனிச் சமஸ்தானமாக இருந்து, தனக்கென ஆவணங்களை வைத்திருந்தது; நகரத்தார் ஊர்கள் பல இதன் தென்பகுதியில் உள்ளன; குலதெய்வ வழிபாடு இன்றும் ஊர்தோறும் உயிரோடிருக்கிறது.

இச்சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது அவற்றுக்குப் பொதுவான ஓர் இயல்பு புலப்படுகிறது. இவற்றுள் எதுவும் முன்னோரை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் தோன்றியதன்று. நிலத்தில் யாருக்குப் பங்கு, கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம், அரியணை யாருக்கு என்பன போன்ற உரிமைகளை நிறுவுவதற்காகவே தலைமுறைகளின் பெயர்கள் கல்லிலும் ஓலையிலும் தாளிலும் ஏறின. எனவே உரிமை உடையவரின் பெயர் தங்கியது. உரிமை மறுக்கப்பட்டவரின் பெயர் தங்கவில்லை. வேர்களைத் தேடும் எவரும் தமக்குக் கிடைக்கும் சான்று எந்த உரிமைக்காக எழுதப்பட்டது, அதில் யார் விடுபட்டனர் என்று கேட்டறியாவிட்டால், பழைய விலக்கல்களையே தம் குடும்ப வரலாறாக எழுதிவைக்க நேரும்.

கல்லில் உள்ள குடும்பங்கள்

மாவட்டத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்று சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் உள்ள தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டு ஆகும். கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் அது, எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி என்பவருக்குச் சிறுபோசில் இளயர் இருக்கை செய்தளித்ததைத் தெரிவிக்கிறது. தங்கியவர், செய்துகொடுத்தவர் ஆகிய இருவரும் ஊரால் அடையாளம் காட்டப்படுகின்றனரே தவிர, தந்தை பெயராலோ குலப் பெயராலோ அல்ல. வேறு நாட்டில் பிறந்த ஒருவர் இங்கு வந்து தங்கியிருந்தார் என்பது, இவ்வட்டாரத்தின் எழுத்து வரலாறே இடப்பெயர்ச்சியோடு தொடங்குகிறது என்பதைக் காட்டுகிறது. பூர்வகுடி, வந்தேறி என்று இன்று சூடாகப் பேசப்படும் பிரிவினையை இம்மண்ணின் மேல் ஏற்றிப் பார்ப்போர் இக்கல்வெட்டை ஒருமுறை நினைத்துப்பார்ப்பது நல்லது.

குடும்பம் என்று சொல்லத்தக்க தொடர்ச்சி நார்த்தாமலையில் கிடைக்கிறது. மேலமலையில் உள்ள பழியிலீச்சுரம் என்னும் சிறிய குடைவரையை விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தான். அவன் மகளும், மீனவன் தமிழதியரையன் ஆகிய மல்லன் அனந்தன் என்பவனின் மனைவியுமான பழியிலி சிறியநங்கை அதற்கு முகமண்டபம் எடுப்பித்தாள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, இச்செய்தியைத் தரும் கல்வெட்டில் பாட்டன், தந்தை, மகள் என மூன்று தலைமுறையும், மருமகனும் ஒருங்கே காணப்படுகின்றனர். மகள் தன் பெயருக்கு முன் தந்தையின் பெயரைத் தாங்கியிருப்பது, இன்றைய தலைப்பெழுத்து வழக்கத்தின் அமைப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது என்பதற்கு நல்ல சான்றாகும். திருமணத்திற்குப் பின்னும் அவள் தந்தை பெயரைக் கைவிடவில்லை. கோயிலுக்குக் கொடையளிக்கும் அளவுக்குச் செல்வமும் அவள் கையில் இருந்திருக்கிறது.

கொடும்பாளூரில் நிலைமை வேறு. அங்குள்ள மூவர் கோயிலில் இருக்குவேளிர் குடியினரின் வம்சாவளி வடமொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. தலைமுறை தலைமுறையாகத் தலைவர்களையும் அவர்கள் வென்ற போர்களையும் அடுக்கிக்கொண்டே வரும் அக்கல்வெட்டு, பூதி விக்கிரமகேசரியில் முடிகிறது. தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் இரு மனைவியர் பெயராலும் அவன் எடுப்பித்த மூன்று கோயில்களில் இரண்டே இன்று விமானத்தோடு நிற்கின்றன. அவன் தாய் அனுபமா சோழ இளவரசி என்பதும் அதில் இடம்பெறுகிறது. சோழருடன் கொண்ட மணஉறவு வேளிரின் தகுதியை உயர்த்தியதால்தான் அந்தத் தாயின் பெயர் பதிவாயிற்று என்று கொள்வதே பொருத்தம். அவனுடைய முன்னோர் பலரின் மனைவியருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. விக்கிரமகேசரியின் காலம் 9-ஆம் நூற்றாண்டா, 10-ஆம் நூற்றாண்டா என்பதில் அறிஞரிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்து வந்துள்ளது. தலைமுறைப் பட்டியல் முழுமையாகக் கிடைத்தாலும், ஆட்சியாண்டு இல்லாதபோது காலத்தை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை இது உணர்த்துகிறது.

சமஸ்தான அரசு இக்கல்வெட்டுகளைத் தொகுத்து 1929-இல் மூலப்பாடங்களாக அச்சிட்டது. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு 1978-இல் சொல்லடைவு ஒன்றை வெளியிட்டு, ஒரு பெயரில் ஊர், தந்தை பெயர், இயற்பெயர், பட்டம் ஆகியவை எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்பதை ஆராய வழி திறந்தனர். இவ்வாய்வுகள் முன்னோரைத் தேடுவோருக்குச் சொல்லும் செய்தி சற்றுக் கசப்பானது. பல்லவராயன், மழவராயன் போன்ற பெயர்கள் பட்டங்கள்; அரசர்கள் வெவ்வேறு குடியைச் சேர்ந்த அலுவலர்களுக்கு அவற்றை வழங்கினர். இன்று அப்பட்டத்தைக் குடும்பப் பெயராகத் தாங்கும் ஒருவர், கல்வெட்டில் அதே பட்டம் பெற்றவரின் வழித்தோன்றல் என்பதை அப்பெயர் ஒன்றைக்கொண்டு நிறுவ முடியாது. சோழர் காலக் கல்வெட்டுக்கும் குடும்பத்தின் கையிலுள்ள மிகப் பழைய பத்திரத்துக்கும் இடையே பெரும்பாலும் 700 அல்லது 800 ஆண்டுகள் இடைவெளி இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 30 தலைமுறைகள். அந்த இடைவெளியை ஆர்வத்தால் நிரப்பி, ஒவ்வொரு சாதியையும் ஒரு பேரரச மரபோடு நேரடியாக இணைக்கும் நூல்கள் பல வெளிவந்துள்ளன. அவற்றை எழுதியோரின் பற்றை மதிக்கலாம். ஆனால் சான்றாகக் கொள்ள இயலாது.

அரச வம்சாவளி

வம்சாவளி என்பது ஒரு குடியின் தோற்றம் முதல் எழுதப்படும் காலம் வரையுள்ள தலைமுறைகளைப் புகழ்ந்துரைக்கும் இலக்கிய வகை. பாளையக்காரர் குடும்பங்கள் பலவற்றின் வம்சாவளிகளைக் காலின் மெக்கன்சி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டினார்; அவற்றுள் பல இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்கும் 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் ஒரு வம்சாவளி பாடப்பட்டது. இக்குடியினர் தொண்டை மண்டலத்திலிருந்து வந்து அம்புநாட்டுப் பகுதியில் குடியேறியதாக மரபு கூறுகிறது. நிக்கலஸ் டர்க்ஸ் 1987-இல் வெளியிட்ட புதுக்கோட்டை பற்றிய நூலில், இத்தகைய வம்சாவளிகளை நடந்தவற்றின் குறிப்பேடாக மட்டும் வாசிக்காமல், ஒரு குடி தன் அரசுரிமையை எவ்வாறு எடுத்துரைத்தது என்பதற்கான சான்றாக வாசிக்க வேண்டும் என்று காட்டினார். இந்த அணுகுமுறை அரச குடும்பத்துக்கு மட்டுமன்றி, ஊரில் உள்ள ஒவ்வொரு வகையறாவின் தோற்றக் கதைக்கும் பொருந்தும்.

தொண்டைமான் மரபின் தொடக்கமும் முடிவும் உரிமைக்கும் வம்சத்துக்கும் உள்ள பிணைப்பைத் துலக்கமாகக் காட்டுகின்றன. ரகுநாதராயத் தொண்டைமான் 1686-இல் இப்பகுதியின் தலைமையைப் பெற்றதற்கு, அவருடைய சகோதரி காதலி நாச்சியாரை இராமநாதபுரம் கிழவன் சேதுபதி மணந்திருந்தது முக்கியக் காரணமாகும். ஒரு பெண்ணின் திருமணத்தால் வந்த ஆட்சி, அதன்பின் ஆண்வழியாக மட்டுமே எண்ணப்பட்டது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மாலி ஃபிங்கை மணந்தபோது, அவர்களுக்குப் பிறந்த மகனின் வாரிசுரிமையை ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. மன்னர் 1928-இல் மறைந்ததும், அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவனான ராஜகோபாலத் தொண்டைமான் அரியணையில் அமர்த்தப்பட்டார். பெற்ற மகன் வம்சத்துக்கு வெளியே நிற்க, உறவினர் மகன் வம்சத்தின் தொடர்ச்சியானான். இரத்த உறவு வேறு, வம்சம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இவ்வட்டார வரலாற்றில் இல்லை.

குலதெய்வமும் தலைக்கட்டும்

கல்வெட்டிலோ அரச ஏட்டிலோ இடம்பெறாத பெரும்பாலான குடும்பங்களுக்கு முன்னோரை நோக்கிச் செல்லும் முதன்மை வழி குலதெய்வமே. தந்தைவழியில் ஒரே குலதெய்வத்தை வணங்குவோர் பங்காளிகள். அவர்களுக்குள் மணஉறவு கூடாது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் உரியோர் மாமன் மச்சான் முறையினர். ஊர் பல கடந்து வாழும் இரு குடும்பங்கள் தமக்குள் முறை என்ன என்று அறியாதபோது, முதலில் கேட்கப்படுவது குலதெய்வம் எது என்பதே. ஒரே கோயில் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்; இருவரும் எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளிகள் என்பது யாருக்கும் தெரியாமல் போயிருந்தாலும் விலக்கு மட்டும் நிலைத்திருக்கும். இவ்வகையில் குலதெய்வக் கோயில், இடையிலுள்ள பெயர்களை இழந்துவிட்டபோதும் உறவை இழக்காத ஒரு பதிவாக விளங்குகிறது.

மாவட்டத்தின் அய்யனார் கோயில்கள் இவ்வழிபாட்டின் பெருங்களங்கள். கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் உள்ள பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலைக்கு, மாசி மகத்தன்று ஆயிரக்கணக்கானோர் காகிதப் பூ மாலைகளைக் கொண்டுவந்து சாத்துகின்றனர். வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் குடும்பங்கள் ஊர் திரும்பும் இத்தகைய நாட்களில்தான் பிரிந்துபோன கிளைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. முடியிறக்குதல், காதுகுத்து, கிடாவெட்டு ஆகியவற்றில் தாய்மாமன், பங்காளி, சம்பந்தி எனத் தத்தம் முறைக்கேற்ற இடத்தில் நின்று செய்முறை செய்யும்போது, உறவுமுறை முழுவதும் கண்முன் விரிகிறது. மூத்தவர் ஒருவரோடு அமர்ந்து, இன்னார் ஏன் அங்கு நிற்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வோருக்கு ஒரே பகலில் கிடைக்கும் செய்தி, பல மாதங்கள் பதிவேடுகளைப் புரட்டினாலும் கிடைக்காது.

இங்கு பலர் கவனிக்கத் தவறும் எழுத்துச் சான்று ஒன்று உண்டு. திருவிழாச் செலவுக்காகக் குடும்பந்தோறும் பிரிக்கப்படும் வரிக்குத் தலைக்கட்டு வரி என்று பெயர். மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டாகக் கணக்கில் கொள்ளப்படுகிறார். மகனுக்கு மணமானதும் அவனும் தனித் தலைக்கட்டாகிறான். வரி வசூலிப்போர் வைத்திருக்கும் நீள நோட்டுகளில் வகையறா வாரியாகப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். ஒரு வகையறாவுக்குள் அண்ணன் தம்பி வரிசையும் பெரும்பாலும் காக்கப்பட்டிருக்கும். சில பத்தாண்டுகளின் நோட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு குடும்பம் எப்போது கிளைத்தது, எப்போது ஊரைவிட்டுப் பெயர்ந்தது, யார் வாரிசின்றி மறைந்தார் என்பதெல்லாம் தெரியவரும். திருவிழா முடிந்தபின் பழைய நோட்டைக் கழித்துவிடும் வழக்கத்தால் இச்சான்று ஆண்டுதோறும் அழிந்துகொண்டிருக்கிறது.

குலதெய்வம் இடப்பெயர்ச்சியையும் சொல்லும். பிழைப்புக்காகவோ பகைக்கு அஞ்சியோ ஊரைவிட்டு நீங்கிய குடும்பம், மூலக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புதிய ஊரில் கோயில் அமைப்பது வழக்கம். ஒரு சிறு கோயிலின் தெய்வத்துக்கு அவ்வூரில் இல்லாத ஆற்றின் பெயரோ தொலைவிலுள்ள ஊரின் பெயரோ அடைமொழியாக இருந்தால், அது அக்குடும்பம் வந்த வழியைக் காட்டக்கூடும். ஆயினும் இதில் எச்சரிக்கை தேவை. குலதெய்வம் தெரியாத குடும்பங்கள் சோதிடம், குறி முதலியவற்றின் துணையால் ஒரு தெய்வத்தைத் தேர்ந்துகொள்வது இப்போது பெருகிவருகிறது. தாய்வழிப் பாட்டனாரின் தெய்வத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அத்தகைய இடங்களில் கோயிலைப் பின்பற்றிச் செல்வோர் வேறொருவரின் முன்னோரிடம் போய்ச் சேர்வர்.

கோயிலை அடிப்படையாகக் கொண்ட வம்சப் பதிவில் நகரத்தாரின் ஏற்பாடு மிகவும் ஒழுங்கானது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது கோயில்களில் ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் சார்ந்திருக்கிறது. அவையனைத்தும் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும், இராயவரம், அரிமளம், இராங்கியம், குழிபிறை, பனையப்பட்டி, விராச்சிலை போன்ற புதுக்கோட்டை மாவட்ட ஊர்களின் நகரத்தாரும் அவற்றுக்கே உரியவர்கள். திருமணம் நடக்கும்போது கோயிலிலிருந்து மாலை வரும். அத்தம்பதி அக்கோயிலின் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவர். ஒரே கோயிலின் ஒரே பிரிவுக்குள் மணம் இல்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் உடன்பிறப்புக் கோயில்கள் என்பதால் அவற்றுக்கிடையேயும் மணம் இல்லை. பர்மா, மலாயா, இலங்கை எனக் கடல் கடந்து வட்டித்தொழில் செய்த சமூகம், யார் யாருடைய மகன் என்பதை ஐயமின்றி அறிய வேண்டிய தேவையால் இப்பதிவை விடாது பேணியது எனலாம். வணிகத்தில் கடன் நம்பிக்கையும், மணத்தில் முறையும் ஒரே பட்டியலைச் சார்ந்திருந்தன.

பத்திரங்களும் பதிவேடுகளும்

சமஸ்தானக் காலத் தாள்களில் முன்னோரைத் தேடுவோருக்கு மிகுந்த பயன் தருவன இனாம் பதிவேடுகள். அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஊருக்கும் செய்யும் பணிக்கு ஈடாக வரியின்றியோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலங்கள் இனாம் எனப்பட்டன. படைப்பணிக்கும் அரண்மனை ஊழியத்துக்கும் விடப்பட்டவை ஜீவிதம் எனப்பட்டன. திவான் சேஷய்ய சாஸ்திரியின் காலத்தில், 1888-இல், இந்நிலங்களுக்குத் தீர்வு காணப்பட்டபோது, யார் எந்த ஊழியத்துக்காக அனுபவித்து வருகிறார் என்பது ஊர் ஊராக விசாரிக்கப்பட்டது. வேளார், வண்ணார், நாவிதர், மேளக்காரர், பூசாரி, காவற்காரர் போன்ற ஊழியக் குடிகளின் பெயர்கள் நில ஆவணத்தில் ஏறியதற்கு இத்தீர்வு பெருங்காரணமாயிற்று. ஊர்க் கணக்கைப் பரம்பரையாக எழுதிவந்த கர்ணம் குடும்பங்களிடமும் ஏடுகள் இருந்தன. 1980-இல் பரம்பரைக் கிராம அலுவலர் முறை ஒழிக்கப்பட்டபின் அவற்றுள் பல வீட்டுப் பரணில் கேட்பாரற்றுப் போயின.

குடும்பங்களின் கையிலுள்ள தாள்களில் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு ஈடானது வேறில்லை. சொத்தைப் பிரிக்கும்போது அது யாருடைய தேட்டம், அவருக்கு எத்தனை ஆண் வாரிசுகள், அவர்களுள் இறந்தவருக்கு யார் பிள்ளைகள் என்பதை எழுதியே தீர வேண்டும் என்பதால், ஒரே பத்திரத்தில் மூன்று தலைமுறைகள் கிடைத்துவிடும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய நில அளவைப் பதிவேடு, 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் பதிவுகள் ஆகியவற்றைப் பின்னோக்கி வரிசைப்படுத்தினால் தொடர்ச்சி துலங்கும். காலக் கணக்கில் மட்டும் விழிப்பு வேண்டும். பழைய ஓலைகளும் சாதகக் குறிப்புகளும் 60 ஆண்டுச் சுழற்சியில் ஆண்டின் பெயரை மட்டுமே தருகின்றன. பராபவ ஆண்டு என்றால் அது 1846, 1906, 1966 ஆகியவற்றுள் எதில் தொடங்கியதாகவும் இருக்கலாம். தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–78 பஞ்சத்துக்கு முன் பிறந்தவரா, பின் பிறந்தவரா என்பது போன்ற வாய்மொழி நினைவுகள் இவ்விடத்தில் கைகொடுக்கும். காகிதத்தின் ஆயுளோ இயற்கையின் கையில் இருக்கிறது: 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் கூரை பறந்த வீடுகளில் பெட்டியிலிருந்த பத்திரங்களும் நனைந்து அழிந்தன.

கிறித்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை மிஷன் இயேசு சபையினர் தொடங்கியதும், வீரமாமுனிவர் பணியாற்றியதுமான ஆவூர், மாவட்டத்தின் மிகப் பழைய கத்தோலிக்கத் தலங்களுள் ஒன்று. கடற்கரையில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு அதே பணியைச் செய்கிறது. இவ்விரு வகைப் பதிவுகளிலும் மணமகளின் பெயரும் அவள் தந்தையின் பெயரும் தவறாமல் இடம்பெறுவதால், தலைக்கட்டு நோட்டில் காணாமற்போகும் பெண்கள் இங்குக் கிடைக்கின்றனர்.

பதிவாகாதவர்கள்

அமாவாசைத் தர்ப்பணத்தில் தாய்வழி மூதாதையர் பெயர்களும் சொல்லப்படுவதுண்டு. அத்தகைய சடங்குகளை ஒதுக்கிவைத்தால், பெரும்பாலான குடும்ப மரங்கள் தாயின் தாய் என்ற இடத்திலேயே பட்டுப்போய்விடுகின்றன. மணமான பெண் கணவனின் குலதெய்வத்துக்கு உரியவளாகிறாள். அவள் பிறந்த வீட்டுத் தெய்வத்தை அவள் பேரப்பிள்ளைகள் அறிவதில்லை. இதற்கு மாறான ஒரே பெரிய மரபு கோயில் ஆடல் மகளிருடையது. குடுமியான்மலையில் உமையாள்வி நாச்சி என்னும் பெண் அம்மன் சந்நிதியை எழுப்பியதைப் பாண்டியர் காலக் கல்வெட்டு தெரிவிக்கிறது. விராலிமலை முருகன் கோயிலில் சதிராடிய 32 பெண்களுள் எஞ்சிய ஒருவரான முத்துக்கண்ணம்மாள், தம்மை ஏழாம் தலைமுறை ஆடற்கலைஞர் என்று கூறுபவர். அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆணின் பெயரால் ஏழு தலைமுறை சொல்லக்கூடிய குடும்பங்களே அரிதாக இருக்கையில், பெண்வழி மரபை நினைவில் நிறுத்தியிருப்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. கலையும் கோயில் உரிமையும் அவர்களிடையே தாயிடமிருந்து மகளுக்குச் சென்றமையே இந்நினைவைக் காத்தது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குடியைச் சேர்ந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி வென்ற அவரைத் தந்தையின் பெயரைக்கொண்டு மட்டும் அறிய முயல்வோர், அப்போராட்டம் எங்கிருந்து பிறந்தது என்பதை அறியவே மாட்டார்கள்.

நிலமற்ற தலித் குடும்பங்களின் நிலை இன்னும் கடினமானது. பாகப்பிரிவினைக்குச் சொத்து இல்லை. கோயில் வரியில் இடமில்லை. பண்ணையாள் என்ற முறையில் வேறொருவரின் கணக்கில் நெல் அளவாக மட்டுமே அவர்கள் தென்படுகின்றனர். அவர்களுக்கு உதவுவன வேறு வகைச் சான்றுகள். ஊர்த் திருவிழாவில் பறையடிக்கும் முறை எந்த வீட்டுக்கு உரியது, எந்தக் குடும்பம் எந்தப் பண்ணையோடு பிணைக்கப்பட்டிருந்தது, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் முதல் தலைமுறைப் பிள்ளையின் தந்தை பெயர் என்ன என்பன போன்றவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. குடும்ப வரலாறு எழுதுவோரும் ஆய்வு மாணவர்களும் முதலில் செய்யவேண்டிய பணி இதுவே. பதிவுள்ள குடும்பங்களுக்குச் சில ஆண்டுகள் தாமதித்தாலும் இழப்பில்லை. முதியவர்களின் நினைவை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இழப்புதான்.

மரபணு சொல்வதும் சொல்லாததும்

எழுத்தும் நினைவும் இல்லாத இடத்தில் மரபணுச் சோதனை வழிகாட்டும் என்ற நம்பிக்கை அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பனும் குழுவினரும், மதுரை மாவட்டம் ஜோதிமாணிக்கம் என்னும் சிற்றூரில் எம்130 என்ற மரபணுக் குறியீட்டைக் கண்டறிந்தது பெரிதும் பேசப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து மிகத் தொடக்கத்தில் வெளியேறிய மனிதர்களின் தடமாக அது கருதப்படுகிறது. ஆனால் அக்குறியீடு தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமைச் சார்ந்தது. ஒருவருக்குப் பத்துத் தலைமுறைக்கு முன் கணக்குப்படி 1,024 மூதாதையர் உண்டு. ஒய் குரோமோசோம் அவர்களுள் ஒரே ஒருவரைப் பற்றியே பேசுகிறது. அக்குறியீட்டை வைத்து ஒரு சாதி முழுவதையும் ஆதிக்குடி என்று அறிவிப்பது அறிவியலுக்கு ஒவ்வாது.

ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தினரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் இணைந்து 2009-இலும் 2013-இலும் வெளியிட்ட ஆய்வுகள், இன்றைய இந்திய மக்களுள் பெரும்பாலோர் வெவ்வேறு தொல்குடிகளின் கலப்பால் வந்தவர்கள் என்றும், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அக்கலப்பு பரவலாக நிகழ்ந்து, பின்னர் அகமண வழக்கத்தால் குறைந்தது என்றும் தெரிவித்தன. தூய வம்சம் என்ற எண்ணத்துக்கு இது இடம் தரவில்லை. மாமன் மகள், அத்தை மகள் திருமணங்கள் நெடுங்காலம் நடந்துவந்த வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: அத்தகைய மணத்தில் பிறந்த பிள்ளைக்குக் கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டியர் எட்டுப் பேருக்கு மாறாக ஆறு பேரே இருப்பர். இது தலைமுறைதோறும் தொடரும்போது, ஒரே ஊரைச் சேர்ந்த இருவர் சோதனை முடிவில் உண்மையான முறையைவிட நெருங்கிய உறவினராகத் தோன்றுவர். வணிக நிறுவனங்கள் விற்கும் சோதனைகள் பொதுவான நிலப்பகுதியைச் சுட்டுமே தவிர, ஊரையோ வகையறாவையோ குலதெய்வத்தையோ சொல்லமாட்டா.

கடல் கடந்த வேர்கள்

முன்னோரின் ஊரைத் தேடுவது சிலருக்கு ஆர்வம். வேறு சிலருக்கு வாழ்வின் அடிப்படைத் தேவை. மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜி ஆகிய இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருக்குக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவை அப்பட்டியல்களில் பதிவாகியுள்ளன. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்களைத் தமிழாக்கி அடையாளம் காண்பதே அங்குள்ள சிக்கல். தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணி முறையில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றோருக்கு இந்த அளவுக்குக்கூட எழுத்துப் பதிவு இல்லை. உறவினர் கூட்டமாகக் கங்காணியின் பின்னே சென்ற அவர்களுக்கு, ஊரின் நினைவும் தோட்டத்தில் எழுப்பிய மாரியம்மன், முனியாண்டி கோயில்களுமே சான்றாயின. திருச்சிராப்பள்ளி, சேலம், இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களோடு புதுக்கோட்டைச் சமஸ்தானமும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய பகுதிகளுள் ஒன்றாகும்.

இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், வம்சாவளிக் குடியுரிமைக்குத் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவு முறையாக இல்லாத தோட்டத் தொழிலாளர் இதனை நிறுவ இயலாமல் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்று எண்ணிக்கையைப் பங்கிட்டது. தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டையில் எழுதப்பட்ட ஊர்ப் பெயரே அவர்களுள் பலருக்கு முன்னோரோடு உள்ள ஒரே எழுத்துத் தொடர்பு.

ஒப்பந்தத்தின்படி வராமல், 1983 முதல் நடந்த கலவரங்களாலும் போராலும் அகதிகளாக வந்த, தோட்டத் தொழிலாளர் வழியினரான மலையகத் தமிழர்களின் நிலை இன்னும் தீரவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. தமிழக முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் அரசு அவற்றைப் பரிசீலிக்கவும் வழி செய்தது. அவ்வாறு விண்ணப்பிப்போர் தம் பாட்டனோ பூட்டனோ புறப்பட்ட ஊர் தமிழகத்தில் எது என்பதைக் காட்ட வேண்டியிருக்கிறது. இலங்கைப் பிறப்புச் சான்றில் பாட்டன் அந்நாட்டில் பிறந்திருந்தால் அவர் விவரத்தை எழுதுவதற்கென ஒரு கட்டம் உண்டு. மலையகக் குடும்பங்கள் பலவற்றின் சான்றில் அது வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே தேவைப்படும் பெயர் ஆலங்குடியிலோ கறம்பக்குடியிலோ திருமயத்திலோ ஏதேனும் ஓர் ஊரின் பழைய தலைக்கட்டு நோட்டில், கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைத் தோட்டங்களுக்கு, போனவர் என்ற குறிப்போடு இன்னும் இருக்கக்கூடும். அத்தகைய நோட்டுகளை ஊர் ஊராகச் சேகரித்துப் படியெடுக்கும் பணியை மாவட்டத்தின் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் புதுக்கோட்டை ஞானாலயா போன்ற ஆய்வு நூலகங்களும் மேற்கொண்டால், அதன் முதற்பயன் இம்முகாம்களில் இருப்போரைச் சென்றடையும்.